ஐந்து பேர் சுமந்த பத்தியம்

மேலக்கிடைப்பட்டி வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் ஐந்து பேரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். ஒருநாள் மண்டி முதலாளி சாப்பிடப் போகும்போது, "நாப்பது மூட்டை இருக்கு, மேல வெயில் படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பதையும் சுவர் நிழலில் அடுக்கினார்கள். நிழல் நகர்ந்தது. மூட்டைகளையும் நகர்த்தினார்கள். சாயங்காலம் நிழல் எதிர்க்கடை வாசலுக்குப் போயிருந்தது. மூட்டைகளும் போயிருந்தன. எதிர்க்கடைக்காரர் நல்ல மனிதர். இருபத்தெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஐவருக்கும் தலைவர் வெயிலுகந்தான் மேஸ்திரி. அவருக்கு அடுத்தவன் கூடலிங்கம். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால் யோசிக்கும் வேலை அவனுடையது. அப்புறம் தவசி, ஒச்சப்பன். எல்லோருக்கும் இளையவன் சுடலை. அவன் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போன பிறகுதான் எங்கே இறக்க வேண்டும் என்று கேட்பான்.

இந்த ஐவருக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவன் பங்கு மூட்டைகளை மற்ற நால்வரும் பிரித்துத் தூக்க வேண்டும். சீக்காளியின் பாரத்தைச் சீக்காளியே தூக்கும்படி விட்டுவிட்டால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. இந்தக் கட்டுப்பாட்டால்தான் இவ்வளவும் நடந்தது.

பங்குனி மாதத்தில் மேஸ்திரியின் கால் வீங்கியது. செருப்புதான் சுருங்கிவிட்டது என்று அவர் செருப்புக் கடைக்காரரோடு சண்டை போட்டார். கடைக்காரர் செருப்பை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார். அவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மேஸ்திரியின் மனைவி பூவாத்தா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். நால்வரும் கூடவே போனார்கள்.

டாக்டர் யூஜினா ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார். சிறுநீரகம் பாதிக்குமேல் களைத்துப்போயிருக்கிறது. ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டது ஒன்று. இடுப்பு வலிக்கு வருஷக்கணக்காக மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரை இன்னொன்று.

"ஒரு மாசம் பார்க்கலாம். சீட்டுல எழுதியிருக்கிறதை அப்படியே செஞ்சா மெஷின் இல்லாமலே ஓட்டலாம். இல்லைன்னா டயாலிசிஸ்தான். வாரத்துல மூணு நாள், நாலு நாலு மணி நேரம்."

வெளியே வரும்போது மேஸ்திரி கண்ணாடி வழியாக அந்த மெஷினைப் பார்த்துவிட்டார். ஒரு குழாயில் ரத்தம் வெளியே போனது, இன்னொரு குழாயில் உள்ளே வந்தது. படுத்திருந்த ஆள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா கூடலிங்கம், அந்த மெஷினுக்குள்ள போற ரத்தம் வழி தெரியாம பக்கத்துக் கட்டில்காரன்கிட்டப் போயிட்டா?"

கூடலிங்கம் யோசித்தான். "போகலாம்ணே" என்றான்.

அன்றிலிருந்து மேஸ்திரிக்கு மெஷின் என்றாலே பயம்.

அந்த வாரமே பூவாத்தா ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் மகளுக்குப் பிரசவ நேரம். போய்த்தான் ஆக வேண்டும். சீட்டையும் மாத்திரை டப்பாவையும் நால்வரிடமும் கொடுத்து, "இதுல எழுதியிருக்கிறது ஒண்ணு தப்பக்கூடாது. உங்களை நம்பித்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பஸ் மறைந்ததும் ஐவரும் மண்டியில் காலிச் சாக்குகள் மேல் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தார்கள். கூடலிங்கம் வாசித்தான்.

"உப்பு ரொம்பக் குறைக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. தண்ணி, காபி, மோரு எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர். வாழைப்பழம், இளநீர், கீரை கூடாது. காயை நறுக்கி ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேகவைக்கணும். வலி மாத்திரை தொடக்கூடாது. மத்த மாத்திரை நேரம் தவறக்கூடாது. தினம் காலையில எடை பார்க்கணும்."

நால்வரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"இது ஒத்தை ஆள் தூக்குற பாரமா?" என்றான் தவசி.

"நல்லா இருக்கிற ஆளாலேயே முடியாது. இவரு சீக்காளி" என்றான் ஒச்சப்பன்.

"அதைத்தான் சொல்றேன். சீக்காளி தலையில இம்புட்டையும் ஏத்திவிட்டுட்டு நாம நாலு பேரும் கையை வீசிக்கிட்டு நடந்தா, பார்க்கிறவன் காறித் துப்ப மாட்டானா?"

மேஸ்திரி அடக்கமாக, "நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கிறேம்ப்பா" என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கு" என்றான் தவசி.

கூடலிங்கம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேஸ்திரி பேரு தலைப்புல ஒரு தடவைதான் இருக்கு. கீழ எந்த வரியிலயும் இதை இன்னார் செய்யணும்னு எழுதலை" என்றான்.

அதோடு சந்தேகம் தீர்ந்தது. பத்தியத்தை ஐந்து பங்காகப் பிரித்தார்கள்.

உப்பில்லாச் சாப்பாட்டைத் தவசி எடுத்துக்கொண்டான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒச்சப்பனுக்கு. பழம், இளநீர், கீரை தள்ளுவதும் காயை ஊறப்போடுவதும் கூடலிங்கத்துக்கு. வலி மாத்திரை தொடாமலிருப்பது சின்னப் பொட்டலம் என்பதால் அதையும் அவனே கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மாத்திரைகள் சுடலைக்கு. மிச்சம் இருந்தது தினசரி எடை.

"அதை என்னால தூக்க முடியுமா?" என்றார் மேஸ்திரி.

"அதை நீங்கதான்ணே தூக்கணும். உங்க எடையை எங்க மேல எப்படிப் பார்க்கிறது?" என்றான் கூடலிங்கம்.

தனக்கும் ஒரு பங்கு கிடைத்ததில் மேஸ்திரிக்குத் திருப்தி.

வேலை தொடங்கியது. தவசி உப்பில்லாத கஞ்சியை மூன்று நாள் குடித்தான். நாலாம் நாள் கஞ்சியைப் பார்த்ததும் அவனுக்குக் கண்ணீர் வந்தது. கூடலிங்கம் ஓடிவந்து தட்டை இழுத்தான்.

"கண்ணீர்ல உப்பு இருக்குடா. அந்தப் பக்கம் திரும்பி அழு."

தவசி அந்தப் பக்கம் திரும்பி அழுதுவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டான்.

ஒச்சப்பனின் ஒரு லிட்டர் பாட்டில் சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கே காலியாகிவிடும். அதன் பிறகு மூட்டை தூக்கும் நேரத்தில் அவன் யாரோடும் பேசுவதில்லை, எச்சில் வீணாகும் என்று. ஒருநாள் கோடை மழை பெய்தது. நனைந்துகொண்டே வந்தவன் வாயில் நாலு சொட்டு விழுந்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அரைமணி நேரம் பேசினார்கள். அவன் கேட்டுக் குடிக்கவில்லை என்பதால் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு நடக்கும்படி கண்டித்தார்கள்.

சுடலையின் பாடுதான் பெரும்பாடு. காலை மாத்திரை ஒன்று அவனை மூட்டையும் தலையுமாகக் கழிவறைக்கு ஓடவைத்தது. போய்விட்டுத் திரும்புவதற்குள் மறுபடி ஓடுவான். இன்னொரு மாத்திரை ரத்தக்கொதிப்புக்கு. அதைப் போட்டதும் மண்டியே ஆடுகிறது என்று சொல்லிச் சாக்குகள் மேல் படுத்துவிடுவான்.

"பார்த்தியா, மருந்து வேலை செய்யுது" என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

மூன்றாவது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில் போடச் சொல்லி எழுதியிருந்தது. சுடலை சோற்றைக் குவித்து, உச்சியில் மாத்திரையை நட்டுவைத்து, நாலு பக்கத்திலிருந்தும் சமமாகச் சாப்பிட்டுக்கொண்டே போவான். மாத்திரை சரிந்தால் மறுபடி முதலிலிருந்து குவிப்பான்.

இதில் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் வீணாகக் கூடாதல்லவா? தவசியின் கருவாடும் ஊறுகாயும், ஒச்சப்பனின் மோரும், கூடலிங்கத்தின் வாழைப்பழமும் இளநீரும் மேஸ்திரியின் தட்டுக்கு வந்தன. "உடம்பு சரியில்லாதவரு, நல்லா சாப்பிடட்டும்" என்றான் தவசி, கருவாட்டைப் பார்க்காமல்.

தினம் சாயங்காலம் பூவாத்தா கூடலிங்கத்துக்குப் போன் பண்ணுவாள்.

"உப்பு சேர்க்கிறதில்லையே?"

"ஒத்தைக் கல்லு உள்ள போகலை மதினி" என்பான் கூடலிங்கம்.

"தண்ணி?"

"லிட்டருக்கு மேல ஒரு சொட்டு இல்ல. தாகத்துல படற பாட்டைக் கண்ணால பார்க்க முடியலை."

"மாத்திரை?"

"ஒண்ணு விடாம போகுது. போட்டுட்டு மயங்கி மயங்கி விழுறதுதான் பாவமா இருக்கு."

"தாங்கிக்கச் சொல்லுங்க. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பாள் பூவாத்தா. போனை வைத்துவிட்டு, கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று மகளிடம் சொல்லுவாள்.

எடை பார்ப்பதற்கு மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. முதல் நாள் மேஸ்திரி ஏறி நின்றார். அறுபத்தெட்டு காட்டியது.

"கழிவு எம்புட்டுப் போடணும்?" என்றான் ஒச்சப்பன்.

மண்டி வழக்கம் அப்படி. எந்தச் சரக்கை நிறுத்தாலும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

"வேட்டி சட்டைக்கு ஒரு கிலோ" என்றான் கூடலிங்கம். "அண்ணே, குளிச்சுட்டு வந்தீங்களா?"

"வந்தேன்."

"அப்ப ஈரத்துக்கு ரெண்டு."

அறுபத்தைந்து என்று எழுதினார்கள். அடுத்த வாரம் தராசு எழுபது காட்டியது. மேஸ்திரியின் முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது.

"ஈரம் கூடியிருக்கு" என்றான் கூடலிங்கம். கழிவையும் கூட்டினான். அறுபத்தைந்து.

மாதக் கடைசியில் தராசு எழுபத்து மூன்று காட்டியது. ஈரத்துக்கு ஏழு கிலோ கழித்தார்கள். முப்பது நாளும் அறுபத்தைந்திலேயே நிற்கும் இப்படி ஒரு சரக்கை மண்டியில் பார்த்ததே இல்லை என்று தவசி மெச்சினான். மேஸ்திரிக்கு மட்டும் படி ஏறினால் மூச்சு வாங்கியது.

மாதம் முடிந்து ஐவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் யூஜினா மேஸ்திரியின் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். எல்லாமே போன தடவையைவிட மோசம்.

"உப்பை விட்டீங்களா இல்லையா?"

"விட்டாச்சு டாக்டரம்மா" என்றான் தவசி.

"உங்களைக் கேக்கலை, அவரைக் கேக்கறேன்."

"என்னைத்தான் கேக்கணும். உப்பு என் பங்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணி யாரு பங்கு?"

ஒச்சப்பன் கையைத் தூக்கினான். கேட்காமலே சுடலையும் தூக்கினான். தூக்கிய வேகத்தில் தலைசுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் முதலில் அவனுக்குத்தான் ரத்தக்கொதிப்பு பார்த்தார். அவன் டப்பாவை இனி தொட்டால் போலீசில் சொல்லுவேன் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கட்டுப்பாடு முதல் கழிவு வரைக்கும் முழுக்கதையையும் கேட்டார்.

"நான் உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றார். "இவர் சிறுநீரகம் ஏற்கெனவே முடியாம கிடக்கிற ஒரு லோடுமேன். இவர் சாப்பிடற ஒவ்வொரு ஊறுகாயும், ஒவ்வொரு வாழைப்பழமும் அது தலையில ஒரு மூட்டை. பத்தியம்கிறது மூட்டையை இறக்குற வேலை. அதை நீங்க பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டீங்க."

தவசி மெதுவாகக் கேட்டான்: "அப்ப என் கருவாட்டை இவருக்குக் குடுத்தது?"

"மூட்டை."

"தினமும் குடுத்தேனே."

"முப்பது மூட்டை."

தவசி மேஸ்திரியின் பக்கம் திரும்பி, உப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதான்.

"பதினைஞ்சு நாள் தர்றேன்" என்றார் டாக்டர். "அதுக்குள்ள இறங்கலைன்னா மெஷின்தான். பேச்சே கிடையாது."

"நாங்க என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். மாத்திரை போடறது, சாப்பிடறது எல்லாம் அவர் மட்டும்தான். அவர் சாப்பிடும்போது பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டா போதும்."

நின்று பார்த்தார்கள். மேஸ்திரி தட்டின் முன் உட்கார்ந்தால் நால்வரும் நாலு பக்கமும் நிற்பார்கள். கண் இமைக்க மாட்டார்கள். மேஸ்திரியின் கை அப்பளத்தின் பக்கம் போனால் எட்டுக் கண்ணும் கூடவே போகும். கை திரும்பினால் கண்ணும் திரும்பும். அவர் மாத்திரையை விழுங்கினால் நாலு தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கும்.

நடுவில் ஒரு காதுகுத்து விருந்து வந்தது. பந்தியில் உட்கார்ந்த மேஸ்திரியைச் சுற்றி நால்வரும் நின்றார்கள். எழுந்ததும் இடம் பிடிக்கத்தான் நிற்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

"ஒரு எலைக்கு நாலு பேரா? அந்தப் பக்கம் போய் நில்லுங்கப்பா" என்றார் ஒரு பெரியவர்.

"நாங்க சாப்பிட வரலை" என்றான் கூடலிங்கம். "இவரு சாப்பிடறதைப் பார்க்க வந்திருக்கோம்."

மேஸ்திரி சோற்றில் கொஞ்சம்போல ரசம் விட்டுப் பிசைந்து நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். பாயசத்துக்குக் காத்திருக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்படியே பதினைந்து நாளும் போயின. கால் வற்றியது. பழைய செருப்பு பெரிதாகிவிட்டது என்று மேஸ்திரி சொன்னார். ரத்தம் பார்த்த டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார்.

"நல்லா இறங்கியிருக்கு. கடைசியா ஒண்ணு. நாளைக்குக் காலையிலருந்து மறுநாள் காலை வரைக்கும் போற சிறுநீரை ஒரு சொட்டு விடாம இந்தக் கேன்ல பிடிச்சுட்டு வாங்க. அதை வச்சுத்தான் மெஷினா இல்லையான்னு முடிவு."

ஐந்து லிட்டர் கேன். மறுநாள் மத்தியானம் கூடலிங்கம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அடியில் அரை லிட்டர்கூட இல்லை.

"என்னண்ணே, இவ்வளவுதானா?"

"அளந்துதானேப்பா குடிக்கிறேன்" என்றார் மேஸ்திரி.

"இந்த மண்டியிலருந்து நாம என்னைக்காச்சும் குறைச் சரக்கு அனுப்பியிருக்கோமா?" என்றான் ஒச்சப்பன்.

"அது போகட்டும்" என்றான் தவசி. "இம்புட்டைக் கொண்டுபோய் நீட்டினா, பாவம் இந்த ஆளுக்கு ஒண்ணும் வரலை, மெஷினைப் போடுன்னு சொல்லிற மாட்டாங்களா?"

மேஸ்திரி கூடலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா பத்தியத்துல பங்கு போடக்கூடாதுன்னாங்க" என்றான் கூடலிங்கம் யோசித்தபடி. "மாத்திரையில பங்கு போடக்கூடாதுன்னாங்க. இதுல அப்படி ஒண்ணும் சொல்லலை."

மறுநாள் காலையில் கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒச்சப்பன் ஒரு மாதக் குறையைத் தீர்த்துக்கொண்டிருந்ததால் பாதி அவனுடையது. ஒரு சொட்டு சிந்தாமல் ஐவரும் கைமாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

"இதைப் பார்த்தா, உங்க சிறுநீரகம் அஞ்சு ஆள் வேலையைச் செய்யுது" என்றார்.

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆள் கணக்கைக்கூடக் கண்டுபிடிச்சிருதே" என்றான் தவசி. "என்ன ஒரு டெஸ்ட்டு."

டாக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியதால் அழுகிறாரோ என்று பயந்தார்கள்.

டாக்டர் சொன்னபடி மறுபடி ஒரு நாள் சிறுநீர் பிடித்தார்கள். இந்தத் தடவை, பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்து இறங்கிய பூவாத்தா, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுக் கேனை மடியிலேயே வைத்துக்கொண்டாள். நால்வரும் பத்தடிக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. வந்த முடிவு சுமாராக இருந்தாலும் மேஸ்திரியுடையதாக இருந்தது. இப்போதைக்கு மெஷின் வேண்டாம், பத்தியத்தையும் மாத்திரையையும் இப்படியே விடாமல் கொண்டுபோனால் போதும் என்றார் டாக்டர். மேஸ்திரி போகிற வழியில் அந்தக் கண்ணாடி அறைமுன் நின்று, உள்ளே படுத்திருந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டார். அவர் செய்தித்தாளை இறக்கிப் பதிலுக்குக் கும்பிட்டார்.

நால்வர் மட்டும் டாக்டர் அறையை விட்டு நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"மேஸ்திரி ரிப்போர்ட்டைக் குடுத்துட்டீங்க. மொதல்ல எடுத்ததுல எங்க பங்கும் இருக்குல்ல, அதைக் குடுத்தா நாங்க பிரிச்சுக்குவோம்" என்றான் கூடலிங்கம்.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மண்டிக்கு வந்து, சாக்கு தைக்கும் கத்தரியால் அதை நாலு துண்டாக வெட்டினார்கள். கூடலிங்கத்துக்கு ஆஸ்பத்திரி போன் நம்பர் கிடைத்தது. ஒச்சப்பனுக்கு டாக்டரின் கையெழுத்து கிடைத்தது. தவசியின் துண்டில் எதுவும் இல்லை. தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதை நாலு பேரிடம் காட்டினான்.

சுடலையின் துண்டில், 'வயது 53, ஆண்' என்று இருந்தது.

"எனக்கு இன்னும் முப்பதே ஆகலையே" என்றான் சுடலை.

"நீயா சொல்லிக்கிட்டா ஆச்சா? டெஸ்ட்டுல வந்திருக்குல்ல" என்றான் கூடலிங்கம். "ஆள் கணக்கையே கண்டுபிடிச்ச டெஸ்ட்டு."

சுடலை ரொம்ப நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆணுங்கிறது சரியாத்தான் இருக்கு" என்றான் கடைசியில்.

மறுநாளிலிருந்து அவன் மூட்டை தூக்கவில்லை. அந்த வயசுக்காரனைத் தூக்கவிடுவது கேவலம் என்று மற்றவர்கள் அவன் பங்கைப் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சுடலையைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். காபி குடித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டார்கள். சுடலை எதையும் மறைக்கிறவன் இல்லை. சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான்.